வக்கீலக்கா போன அன்று

பல் டாக்டரின் நாற்காலியில் அன்று காலை சாய்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. கடைவாய்ப் பல் ஒன்று வெகு நாளாக அவரைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. திருடனுக்குப் பயப்படாதவர், பல் பிடுங்கும் குறட்டுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கன்னம் வீங்கிய பிறகுதான் படியேறினார். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை வேர்வரை தளர்த்தி, இனி ஒரே இழுப்பு என்ற நேரத்தில் டாக்டரின் போன் அடித்தது. நர்ஸ் எடுத்து அவர் காதருகே பிடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி.

"அண்ணி போயிட்டாங்க. தூக்கத்திலேயே. நீங்க கிளம்பி வாங்க."

"சரி," என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்கினார். குழியில் பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார். கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தவர், கையை நீட்ட மறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாவு?" என்றார் ஏட்டு, பஞ்சு நிறைந்த வாயோடு.

"எங்க அக்கா. போயிட்டா."

ஏட்டு பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "வக்கீலக்காவா?"

"பஞ்சை எடுக்காதீங்க. ரத்தம் நிக்காது."

"ரத்தம் கிடக்குது சார். ஒரு நாள் பூரா என்னைக் கூண்டுல ஏத்தித் துவைச்சுக் காயப்போட்ட மனுஷி அவங்க. சாயங்காலம் வெளிய வந்ததும் பக்கத்துல வந்து, 'காலையிலேர்ந்து நிக்கிறீங்களே, ஏதாவது சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாங்க. எங்க ஆபீசர் ஒருத்தன்கூட அப்படிக் கேக்கலை." அவர் மரத்துப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எனக்கு அவங்களைப் பிடிக்கவே பிடிக்காது சார்," என்று சொல்லிவிட்டு, பொலபொலவென்று அழுதார்.

நர்ஸ் வேறு பஞ்சு கொண்டுவந்தாள். டாக்டருக்கு அழுகை வரவில்லை.

டாக்டருக்கும் அக்காவுக்கும் ஆறேழு வயது வித்தியாசம். அவள் பேசிப் பேசியே வளர்ந்தவள். இவர் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர். "ஊர் வாயையெல்லாம் திறந்து பார்க்கிறான், தன் வாயை மட்டும் திறக்க மாட்டான்," என்று அக்கா இவரைக் கேலி செய்வாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டு மாடியறையிலேயே இருந்துவிட்டாள். இருந்தாள் என்பதுதான் பெயர். காலை கிளம்பினால் இரவு வருவாள். கூடவே இரண்டு பேர் வருவார்கள், சாப்பாடு போட வேண்டியிருக்கும்.

தொலைக்காட்சிக்காரர்கள் அவளை எப்போதும் 'சர்ச்சைக்குரிய வழக்கறிஞர்' என்றே சொன்னார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான் என்பது போல. காவலில் செத்தவனுக்காக வழக்காடினாள். அதற்கு ஊர் கைதட்டியது. கைவிலங்கோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கைதிக்காக வழக்காடினாள், அதையும் சகித்துக்கொண்டது. சந்தையில் குண்டு வெடித்துப் பலர் செத்தார்கள். அந்த வழக்கில் பிடிபட்ட வெல்டருக்காக அவள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றதும், கைதட்டிய அதே கைகள் கல்லெடுத்தன. ஆறு வருஷம் நடந்தது வழக்கு. வெல்டர் விடுதலையானான். அன்று கிளினிக்கின் போர்டு உடைந்தது. பழைய நோயாளிகள் பல பேர் பல்வலியைப் பொறுத்துக்கொண்டு அடுத்த தெரு டாக்டரிடம் போனார்கள். தம்பி அதைப் பற்றி அக்காவிடம் வாய் திறக்கவில்லை. நிறுத்து என்றும் சொன்னதில்லை. நல்லது செய்தாய் என்றும் சொன்னதில்லை. கோர்ட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. தம்பி முகத்தைக் கண்டால் அவளுக்குப் பேச்சு குழறிவிடும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. சந்தை முனையில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். அதே முனையில் குடை ரிப்பேர்க்காரர் கடையை எடுத்துவைத்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வக்கீல்கள் சங்கத்தில் உடலை அஞ்சலிக்கு வைக்க இடம் கேட்டு ஜூனியர் ஓடினாள். பத்து வருஷத்துக்கு மேல் அக்காவிடம் தொழில் பழகியவள். இப்போது தனக்கே தலை நரைக்கத் தொடங்கியிருந்தாலும் பெயர் ஜூனியர்தான். சங்கத்தில் ஹால் சாவி தொலைந்துவிட்டது என்றார்கள்.

"சாவி தொலையலை, முதுகெலும்புதான் தொலைஞ்சுபோச்சு," என்று போனில் டாக்டரிடம் குமுறினாள். "வீட்டுக்கே கொண்டு போயிடலாம் சார்."

உடல் வீடு வந்து சேரும் முன்பே வாசலில் ஒருவர் காத்திருந்தார். தெரு நலச் சங்கச் செயலாளர். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவதிலிருந்து நாய் குரைப்பது வரை எல்லாவற்றுக்கும் சுற்றறிக்கை விடுவார் என்பதால், தெருவில் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர்.

"ரொம்ப வருத்தம் டாக்டர்," என்றார். "பெரிய அறிவாளி. அதில ரெண்டு கருத்து இல்லை. ஆனா பாருங்க, தெருமுனையில ஆள் கூடிட்டாங்க. சந்தையில செத்தவங்க போட்டோவைத் தூக்கிட்டு நிக்கிறாங்க. வயசானவங்க, குழந்தைங்க இருக்கிற தெரு. உடம்பை மெடிக்கல் காலேஜுக்குத்தானே எழுதி வச்சிருக்காங்க? சுத்தி வளைப்பானேன்? வேனைப் பின் சந்துக்கு வரச் சொல்றேன். சத்தமில்லாம அனுப்பிடலாம்."

தன்னைச் சுடவோ புதைக்கவோ வேண்டாம், மாணவர்கள் படிக்கட்டும் என்று அக்கா எப்போதோ சொல்லிவைத்திருந்தது உண்மை. டாக்டர் தெருமுனையைப் பார்த்தார். கூச்சல் கேட்டது. உடைந்த போர்டு ஞாபகம் வந்தது.

"சரி," என்றார்.

உள்ளே அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பின் சந்தா? குப்பை வண்டி போற வழியிலயா?" என்றாள். "அண்ணி என்ன திருடிட்டாங்களா, கொல்லைப்புறமா போறதுக்கு?"

"பிரச்சினை வேண்டாம்னு பார்க்கிறேன்."

"நீங்க பார்த்துக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு, முன்னறை நாற்காலிகளை ஒதுக்கப் போனாள்.

மதியத்துக்குமேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாலு பேர் வருவார்கள், தெரிந்த முகங்கள், துக்கம் கேட்டுவிட்டுப் போவார்கள் என்று டாக்டர் நினைத்திருந்தார். வந்தது வேறு கூட்டம். பின்வாசல் வழியாகவும் வந்தார்கள், பக்கத்துச் சந்து வழியாகவும் வந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் வேலை உடையோடு வந்தார்கள். ஒரு நெசவாலையிலிருந்து ஒரு ஷிப்டே வந்தது. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள், வீட்டுக்குள் வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார்கள். குளிர்பெட்டிக்குள் அக்கா, யாரோ சொன்னதற்கு மறுப்புச் சொல்லப்போவது போல் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தவர்கள் முதலில் அழுதார்கள், பிறகு பேசினார்கள், அப்புறம், துக்க வீடு என்பதையும் மறந்து, சிரித்தார்கள்.

காவலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி ஆரம்பித்துவைத்தாள். "அக்கா என்னைத் திட்டினதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. முதல் நாள் போய் உட்கார்ந்து அழுதுகிட்டே இருந்தேன். பேச்சே வரலை. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. 'அழணும்னா நல்லா அழு, யாரு வேண்டாங்கிறா? ஆனா தேதியைச் சொல்லிட்டு அழு'ன்னாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"எனக்கு நடந்தது கேளுங்க," என்றார் குடை ரிப்பேர்க்காரர். "என் கடையை எடுக்க வந்த ஆபீசர் கோர்ட்டுல, 'நடைபாதை நடக்கிறதுக்குத்தான்'னு சொன்னாரு. அக்கா சாவகாசமா எழுந்திரிச்சாங்க. 'நிக்கவே இடமில்லாதவன் எங்கேய்யா நடப்பான்?'னாங்க. ஜட்ஜு குனிஞ்சுக்கிட்டாரு. சிரிக்கிறது தெரியக்கூடாதுன்னு!"

கோர்ட்டில் பெயர் கூப்பிடும் ஆள் ஒருவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சந்தை வழக்கு நடந்தபோது ஒருவன் வராந்தாவில் அக்கா முகத்தில் மையை வீசியதை அவர் நடித்தே காட்டினார். "மையோடயே உள்ள வந்து நின்னாங்க. ஜட்ஜு பதறிப்போய், 'அம்மா, முதல்ல போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க'ன்னாரு. இவங்க, 'என் முகம் எங்க போகப்போகுதுங்க, சாயங்காலம் கழுவிக்கிறேன். என் கட்சிக்காரர் முகத்துல நீங்க பூசின மை ஆறு வருஷமா அப்படியே இருக்கு, முதல்ல அதைப் பார்ப்போம்'னாங்க. கோர்ட்டே கப்சிப். அன்னிக்கு முழுக்க அந்தக் கோலத்தோடயே வாதாடினாங்க. நான் அடுத்த கேஸ் பேரைக் கூப்பிட மறந்துட்டேன்."

டாக்டர் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மை பூசிய முகத்தோடு அக்கா வீட்டுக்கு வந்த சாயங்காலம் அவருக்கு ஞாபகம் இருந்தது. "என்னக்கா இது?" என்று கேட்டதற்கு, "பேனா லீக் ஆயிடுச்சுடா," என்று சொல்லிவிட்டு மாடியேறியவள். தன் வீட்டு மாடியில் இத்தனை வருஷம் குடியிருந்தவளை ஊரார் வாயிலாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். இன்னும் சொல்லுங்கள் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை.

வெல்டரும் வந்திருந்தான். செருப்பு குவிந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாதபடி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் பள்ளி வேன் ஒன்று தெருமுனைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து வாசலில் நின்றது. ஓட்டிவந்த பெண் இறங்கினாள். ஊரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. சந்தை வெடிப்பில் அவளுடைய ஒரே மகள் போனாள். தெருமுனையில் நின்றவர்கள் தூக்கிப் பிடித்திருந்த படங்களில் பெரிய படம் அந்த மகளுடையதுதான். தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் வேன்காரம்மா வக்கீலக்காவைக் கன்னத்தில் அறைந்ததை அத்தனை தொலைக்காட்சியும் திரும்பத் திரும்பக் காட்டியிருந்தன.

முன்னறையில் சிரிப்பு நின்றது. வெல்டர் எழுந்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தான்.

"நான் அவனைப் பார்க்க வரலை," என்றாள் வேன்காரம்மா, பொதுவாக. "முகத்தைப் பார்க்கலாமா?"

டாக்டர் கதவோரத்திலேயே நின்றார். அவர் மனைவிதான் வழிவிட்டாள். வேன்காரம்மா பெட்டியருகே போய் நின்றாள். காறித் துப்பப்போகிறாளோ என்று பயந்து ஜூனியர் ஒரு அடி முன்னால் வந்தாள். வேன்காரம்மா கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே," என்றாள் மெதுவாக. "அடுத்த வாய்தாவுக்கு யாரு வருவா?"

யாருக்கும் புரியவில்லை. ஜூனியர் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன வாய்தாங்க?" என்று கேட்டது டாக்டர்தான். அந்த அறையில் அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

வேன்காரம்மா அவரைப் பார்த்தாள். "நீங்க தம்பியா? ஜாடை தெரியுது." தரையில் உட்கார்ந்தாள். "நான் அறைஞ்சது எல்லாருக்கும் தெரியும். அறை வாங்கிட்டு அவங்க என்ன சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது. டிவியில அது கேக்கலை. 'நீங்க அடிச்சது தப்பில்லைம்மா. ஆனா இவனைத் தூக்குல போட்டிருந்தா, தேடறதை நிறுத்தியிருப்பாங்க. இப்ப தேடித்தான் ஆகணும். தேடச் சொல்லிக் கேக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. கேக்கணும்னு தோணினா என்கிட்ட வாங்க'ன்னு சொன்னாங்க."

"போனீங்களா?"

"போகலை. வீட்டுல உட்கார்ந்து ஒரு வருஷம் சாபம் விட்டேன். அப்புறம் போனேன். வேற வக்கீலுங்க எல்லாம் என் மகளை வச்சுப் பேட்டி கொடுத்தாங்களே தவிர, மனு போடறேன்னு ஒருத்தரும் சொல்லலை. இவங்கதான் போட்டாங்க. திரும்ப விசாரிக்கணும், யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிக்கணும்னு. என் பேர்ல. மூணு வருஷமா நடக்குது. வெளிய சொல்லிடாதீங்கன்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்னை ஒதுக்கிடுவாங்கன்னு பயம். சொல்லலை. எவ்வளவு திட்டு வாங்கினாங்க! என் பேரைச் சொல்லியே திட்டினாங்க. 'நான் அவளுக்காகவும்தான்டா வாதாடறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊர் வாய் அடங்கியிருக்கும். சொல்லலையே!"

சமையலறை வாசலில் நிழல் அசைந்தது. வேன்காரம்மா அந்தப் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "அவன் செஞ்சானா, செய்யலையா, எனக்கு இன்னும் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தா இப்பவும் வயிறு எரியுது. அதை அவங்ககிட்டயே சொன்னேன். 'எரியட்டும், தெரியற வரைக்கும் அணைச்சுடாதீங்க'ன்னாங்க."

ஜூனியர் அவளருகே உட்கார்ந்தாள். "வாய்தாவுக்கு நான் வர்றேங்க."

"நீங்க அவங்க மாதிரிப் பேசுவீங்களா?"

"மாட்டேன்," என்றாள் ஜூனியர். "என்னால முடிஞ்ச மாதிரிப் பேசுவேன்."

வேன்காரம்மா தலையாட்டினாள். பிறகு எழுந்து வெளியே போனாள். வேனை எடுக்கவில்லை. தெருமுனைக்கு நடந்தே போனாள். டாக்டர் வாசலுக்கு வந்து பார்த்தார். அவள் என்ன சொன்னாள் என்பது முழுதாகக் கேட்கவில்லை. கைகளை ஆட்டிப் பேசினாள். ஒருவன் எதிர்த்துப் பேசினான். "என் மக படத்தைக் கொடு," என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவன் கையிலிருந்து படத்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் கலைந்தார்கள். மீதிப் பேர் நின்றார்கள். ஆனால் கூச்சல் சுரத்து இழந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சுற்றறிக்கை வந்தார். "டாக்டர், வேன் பின் சந்துல ரெடி. இருட்டறதுக்குள்ள முடிச்சுடுவோம்."

"முன்வாசலுக்கு வரச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"எதுக்கு?"

"முன்வாசல் வழியாத்தான் போறோம். கடைவீதி, கோர்ட்டு வாசல், அப்புறம் காலேஜ்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களே டாக்டர்! சரின்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். இப்ப இல்லைன்னு சொல்றேன்." தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்பது அவருக்கே புதிது. "எங்க அக்கா வந்து போன வழி இதுதாங்க. பயந்து ஒதுங்கினது நான், அவ இல்லை. தெருவில ஏதாவது உடைஞ்சா நான் பொறுப்பு. ஒரு சுற்றறிக்கை விடுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். சுற்றறிக்கை தன் வீட்டுக்குப் போய் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்.

அக்காவை ஏற்றிய வேன் மெல்ல ஊர்ந்தது. டாக்டர் முன்னால் நடந்தார். கோஷம் எதுவும் இல்லை. கடைவீதியில் ஷட்டர்கள் இறங்கின. சில மரியாதைக்கு, சில பயத்துக்கு, சில வெறுப்புக்கு. எது எதற்கென்று இறக்கியவனுக்குத்தான் தெரியும். மருந்துக்கடைக்காரர் மட்டும் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு அடியில் குனிந்து நின்று பார்த்தார். மாடியிலிருந்து ஒருவன் தகாத வார்த்தை ஒன்றைச் சொன்னான். "கீழ இறங்கி வந்து சொல்லுடா," என்று பதில் கொடுத்தவர், கன்னம் வீங்கிய ஏட்டு. எப்போது கூட்டத்தில் சேர்ந்தாரோ!

கோர்ட்டு வாசலில் சங்கத்து ஹால் பூட்டியே கிடந்தது. ஆனால் படிகளில் கறுப்புக் கோட்டுகள் நின்றன. எதிர்பார்த்ததைவிட அதிகம். சிலர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள் என்பதும் உண்மை, அதை மறைப்பதற்கில்லை. சந்தை வழக்கில் அவளிடம் தோற்ற அரசு வக்கீல் படியிறங்கி வந்து டாக்டரின் கையைப் பிடித்தார். "உங்க அக்காவால எனக்குத் தூக்கம் போச்சுங்க. அவங்க கேஸ்னா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படிக்கணும். இனிமே நல்லாத் தூங்குவேன்," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மருத்துவக் கல்லூரியில் உடலை வாங்கிக்கொண்ட பேராசிரியை கதவைச் சாத்துமுன் கொஞ்சம் தயங்கினார். "உள்ள வந்து ஒரு தடவை பார்த்துக்கிறீங்களா?" என்றார். டாக்டர் போனார். தனியாக அக்காவின் முன்னால் நின்றபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது. அவர் அதற்காகக் கூச்சப்படவில்லை.

வக்கீல்கள் சங்கம் ஒரு வாரம் கழித்து இரங்கல் தீர்மானம் போட்டது. 'கருத்து வேறுபாடுகள் பல இருப்பினும்' என்று ஆரம்பித்த அந்தத் தீர்மானத்தில், அவள் என்ன செய்தாள் என்பதற்கு இடம் போதவில்லை. கிளினிக்கில் இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். ஏட்டு தன் மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாய்தா அன்று டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். பின் பெஞ்சில் வேன்காரம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்தார். வெல்டர் கதவுக்கு வெளியே நின்றான். ஜூனியருக்கு முதலில் குரல் நடுங்கியது. ஒரு பிரிவு எண்ணை மாற்றிச் சொல்லித் திருத்திக்கொண்டாள். போகப் போகச் சூடு பிடித்தது. தேடாமல் விட்டதற்கு அரசு வக்கீல் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது சரியா, இது சரியா என்று பொறுமையாகக் கேட்டாள். அரசு வக்கீலும் அன்று அவ்வளவு மல்லுக்கட்டவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், புதிய குழு ஒன்று முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

வேன்காரம்மா உடனே எழுந்திருக்கவில்லை. "திரும்பத் தேடுவாங்களா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"தேடித்தான் ஆகணும்."

வெளியே வந்ததும் அவள் வானத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போட்டாள். பிள்ளைகளை அழைத்துவரப் போக வேண்டும். கிளினிக் போகிற வழிதான், ஏறிக்கொள்ளுங்கள் என்றாள். டாக்டர் முன் இருக்கையில் ஏறினார். கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"உங்க அக்கா சின்ன வயசுல எப்படி இருப்பாங்க?"

"அதை ஏன் கேக்கிறீங்க!" என்று ஆரம்பித்தார் டாக்டர். பள்ளியில் யாரோ ஒருத்தியை வெயிலில் நிறுத்தியதற்காகத் தலைமையாசிரியரின் அறைக்குப் போய் அக்கா பன்னிரண்டு வயதில் வாதாடிய கதையைச் சொன்னார். அது முடிவதற்குள் இன்னொன்று ஞாபகம் வந்தது. கிளினிக் வந்து வேன் நின்ற பிறகும் அவர் இறங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கு நேரமாகிறது என்பதை மறந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.